குரு அர்ஜனும் குரு தேக் பகதூரும் ஒருவரல்ல

"குரு அர்ஜன் தேவை ஔரங்கசீப் டெல்லியில் தலையை வெட்டிக் கொன்றார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு சீக்கிய குருமார்களின் வாழ்க்கை ஒன்றாகக் கலந்துவிட்டது. ஔரங்கசீப் பிறந்ததே 1618-இல். குரு அர்ஜன் இறந்ததோ 1606-இல், லாகூரில், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஆட்சியில்.

குரு அர்ஜன் கொல்லப்பட்டதற்குக் காரணம் வெறும் அரசியல்தான் என்று உங்கள் பதிவின் கீழே இன்னொருவர் சொல்கிறார். அதுவும் பாதிதான். தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகக் கலகம் செய்த இளவரசர் குஸ்ரோவுக்கு குரு ஆசி வழங்கினார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில், குருவைப் பின்பற்றுவோரில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்றும், அந்தக் 'கடையை' (குருவின் சமயப் பணியை அப்படித்தான் குறிப்பிடுகிறார்) மூடவோ அவரை மதம் மாற்றவோ பல காலமாக எண்ணியிருந்ததாகவும் எழுதியிருக்கிறார். இளவரசர் விவகாரம் அதற்கு வழி திறந்துவிட்டது. காவலில் கடும் சித்திரவதைக்குப் பிறகே உயிர் பிரிந்தது. சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தவர் குரு அர்ஜன். அதை முடித்து இரண்டே ஆண்டுகளில் இப்படி நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நீங்கள் சொல்ல வந்தது அவருடைய பேரன், ஒன்பதாவது குரு தேக் பகதூரைப் பற்றி. மதம் மாற வற்புறுத்தப்பட்ட காஷ்மீர் பண்டிதர்கள் அவரிடம் வந்து முறையிட்டதாகச் சீக்கிய மரபு சொல்கிறது. ஔரங்கசீப் ஆட்சியில் குரு தேக் பகதூரைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள். உடனிருந்த மதி தாஸ், சதி தாஸ், தயாளா மூவரும் அவருக்கு முன்பே கொல்லப்பட்டார்கள். அப்புறம் 1675 நவம்பரில் டெல்லி சாந்தினி சௌக்கில் அவர் தலை வெட்டப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று சீஸ் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது.

தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.