பொத்தானே, ஒரு இடத்தில் நில்

கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய ஸ்மார்ட் சுவிட்சுகளைக் கிளிநொச்சி வீட்டில் பூட்டியாச்சு. கிணற்று மோட்டர், முற்றத்து லைற், ஃபேன் எல்லாம் இப்போது போனுக்குள். அதுவும் எங்கள் பழக்கத்தைப் பார்த்துத் திரை தானே மாறுமாம்.

மாறுகிறது! மாரி மழைக்கு ரெண்டு கிழமை மோட்டர் போடவில்லை. அதற்குள் அந்தப் பொத்தான் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. வெயில் எறித்த அன்று அம்மா பழக்கதோசத்தில் மேல் மூலையை அமத்த, பட்டப்பகலில் முற்றத்து லைற் எரிகிறது. "தம்பி, மோட்டர் எங்கையடா போட்டுது?"

இப்படித் தானே மாறும் திரைகளைச் செய்பவர்கள், பாவிப்பவர் யார், என்ன வேலை, எந்த நேரம், எந்தத் திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப்படம் (மொடல்) வைத்து, அதிலிருந்து திரையை உருவாக்குகிறார்கள். யோசனை நல்லதுதான், அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் நானே கும்பிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு போனை நாலு பேர் பாவிக்கிறோம். அது யாருடைய பழக்கத்தைப் படித்ததோ, ஆருக்குத் தெரியும்?

இது புதுக்கூத்தும் இல்லை. மைக்ரோசொஃப்ட் ஆபிஸ் 2000 இல் அதிகம் பாவிக்காத மெனுக்களை இப்படித்தான் ஒளித்து வைத்தார்கள். 2007 இல் பொத்தான்களை மேலே பட்டையாக அடுக்கிய ரிப்பன் வந்து அதை ஓரங்கட்டியது.

கரண்ட் போன இருட்டிலும் அம்மாவின் கை சுவரில் நேரே சுவிட்சுக்குப் போகும். மோட்டருக்குப் பழைய சுவிட்சையே திரும்பப் பூட்ட வயரிங்காரத் தம்பிக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வாறாராம்.