24 மணி நேரமும் தயாராக இருப்பவன் எப்போது தூங்குவான்?

அந்த சார்ட்டர் ஜெட் (வாடகைக்குப் பறக்கும் சின்ன விமானம்) பைலட் வேலை விளம்பரத்தை ஆளாளுக்கு இன்பாக்ஸில் தள்ளிவிட்டீர்கள். பார்த்தாச்சு. அதே வகை விமானத்தில் 500 மணி நேர அனுபவம் வேண்டுமாம், மூன்று வருட பாண்ட் (அதுவரை வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்), "பணிவு அவசியம்", கடைசியாக "24 மணி நேரமும் தயாராக இருக்க வேண்டும்". கீழே கமெண்டில் ஒரு பெரிய மனிதர், பறக்க ஆசைப்படுகிறவன் கடிகாரம் பார்க்க மாட்டான் என்று தத்துவம் வேறு.

பார்க்கத்தான் வேண்டும் ஐயா. டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பு) விதியில் ஓய்வு என்றால் எந்த வேலையும் இல்லாத நேரம். போன் அடித்ததும் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் ஸ்டாண்ட்பை, ஓய்வு இல்லை.

வருடத்துக்கு 1000 மணி நேரம்தானே பறக்கலாம், சுகமான வேலை என்பார்கள். சார்ட்டரில் ஆளைத் தின்பது பறக்கும் நேரம் இல்லை, காத்திருக்கும் நேரம். பணிக் கணக்கு ரிப்போர்ட் செய்த நிமிடத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். மது குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனை, வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு), ஃப்ளைட் பிளான், வான் பாதுகாப்பு அனுமதி எண், எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) எண், லோட் ஷீட் (எடைக் கணக்கு), கேட்டரிங், ஐஸ், பெட்டி ஏற்றுவது. ஏர்லைனில் இதற்கெல்லாம் தனித்தனி ஆட்கள். சின்ன ஆபரேட்டரிடம் பெரும்பாலும் அதே இரண்டு பைலட்டுகள்தான்.

மதியம், விமானத்தை வாடகைக்கு எடுத்த "சார் கிளம்பிட்டார்" என்று தகவல் வரும். சார் மேடையில் பேசிக்கொண்டிருப்பதை டிவியில் நேரலையாகப் பார்க்கலாம். இரவு வசதி இல்லாத ஓடுதளம். சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் விஎஃப்ஆரில் (கண்ணால் வெளியே பார்த்து ஓட்டும் முறை) பறக்கக் கூடாது. சரியாக அந்த நேரத்துக்கு வந்து இறங்கி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க கேப்டன்."

எதை அட்ஜஸ்ட் பண்ணுவது? நேரம் மாதிரிதான் ஓடுதளக் கணக்கும். வாடகைக்குப் பறக்கும் ஜெட், ஓடுதள நீளத்தின் 60 சதவீதத்துக்குள் இறங்கி நிற்க முடிய வேண்டும். இறங்கி நிற்க 900 மீட்டர் ஆகும் என்றால் 1500 மீட்டர் ஓடுதளம் வேண்டும். மழை பெய்து தரை நனைந்தால் இன்னும் 15 சதவீதம், ஆக 1725. போகிற ஊரில் 1600தான் இருக்கிறது என்றால் கிளம்பக் கூடாது, அவ்வளவுதான். பதினாலு மணி நேரமாக விழித்திருக்கிற மூளைக்கு 1600 போதும் என்றுதான் தோன்றும். தூக்கத்தைப் பற்றி நான் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான்.

"லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கறாங்களே." வாங்கட்டும். சம்பளம் வாங்கினால் தூக்கம் வராதா?

"லாரி டிரைவருக்கும் நர்ஸுக்கும் மட்டும் ஓய்வு இருக்கா?" இல்லை. அதுவும் அநியாயம்தான்.

"பிடிக்கலைன்னா ஏர்லைனுக்குப் போக வேண்டியதுதானே." சொல்வது சுலபம். ஹாக்கர் 800 என்ற சின்ன ஜெட்டின் டைப் ரேட்டிங்கை (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி) வைத்துக்கொண்டு ஏர்பஸ் 320இல் உட்கார முடியாது. மறுபடி படிப்பு, மறுபடி சிமுலேட்டர், மறுபடி கடன். 200 மணி நேரத்தோடு சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கிய பையனுக்கு அந்த 500 மணி நேரத்தை யார் கொடுப்பது? முதல் வேலை கொடுக்க ஆள் இல்லை, அனுபவம் மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

ஆபரேட்டர் தரப்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பைலட்டை சிமுலேட்டருக்கு வெளிநாடு அனுப்புவது சும்மா இல்லை, பாதியில் ஓடிவிட்டால் நஷ்டம்தான். அதற்கு பாண்ட் கேளுங்கள். ஆனால் விமானம் 24 மணி நேரமும் கிடைக்கும் என்று வாடிக்கையாளரிடம் விற்றுவிட்டு, ஒரே ஒரு ஜோடி பைலட்டை வைத்து அதை ஓட்டப் பார்ப்பது சிக்கனம் இல்லை, திருட்டு. திருடுவது தூக்கத்தை.

அப்புறம் அந்த "பணிவு". கிளம்பலாமா கூடாதா என்பதில் கடைசி வார்த்தை கேப்டனுடையது என்று விதி சொல்கிறது. அந்த வார்த்தையைச் சொல்லாத ஆளைத்தான் இந்த விளம்பரம் தேடுகிறது. வண்டி ஓட்ட ஆள் வேண்டுமென்றால் அப்படியே போட்டுத் தொலைக்கலாமே.

நேர்காணலுக்குப் போகிற தம்பி தங்கைகள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு விமானத்துக்கு எத்தனை செட் க்ரூ (பைலட் ஜோடி)? "நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால் பாண்டில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.