‘பிளாசா செசமோ’ வெறும் டப்பிங்கா?

எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் அமெரிக்கக் குழந்தைகள் டிவி தொடரான ‘செசமி ஸ்ட்ரீட்’டை ஸ்பானிஷில் டப்பிங் செய்ததுதான் ‘பிளாசா செசமோ’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 1972-இல் மெக்சிகோவில் தொடங்கிய இந்தத் தொடருக்குத் தனி செட், தனி நடிகர்கள் உண்டு. அமெரிக்கத் தொடரின் பெரிய மஞ்சள் பறவையான ‘பிக் பேர்ட்’ இடத்தில் பிற்பாடு நின்றது அபெலார்டோ என்ற பெரிய பச்சைக் கிளி. பெர்ட், எர்னி போன்ற அமெரிக்கப் பொம்மை நாயகர்களின் காட்சிகள்தான் டப்பிங். அவர்களுக்கும் அங்கே பேத்தோ, என்ரிக்கே என்று பெயர்.

சரி, எல்லாவற்றையும் டப்பிங் செய்துவிட்டால் என்ன? எழுத்து சொல்லித்தரும் பாட்டு இடிக்கும். ஆங்கில ‘குக்கீ’ ‘சி’யில் தொடங்குகிறது, அதையே ஸ்பானிஷில் ‘கயேத்தா’ என்பார்கள், அது ‘ஜி’யில் தொடங்கும். நம் ‘ஞ’ போல ஒலிக்கும் தனி எழுத்து வேறு ஸ்பானிஷில் இருக்கிறது.

ஸ்பெயின் இந்த மெக்சிகோ வடிவத்தோடு நிற்கவில்லை. 1979-இல் சொந்தமாக ‘பாரியோ செசமோ’ எடுத்தது. 1983-இல் அங்கே வந்த நாயகன் எஸ்பினேத்தே, இளஞ்சிவப்பு முள்ளெலி!