உப்பைக் கைவிட வேண்டாம், அளந்து போடுங்கள்

பாண், மார்மைட், சோயா மீற், நூடில்ஸ், பிஸ்கட், பப்படம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சிவப்பரிசிச் சோறும் பருப்பும் கீரையும் கிழங்கும் பழமுமாகச் சாப்பிடுகிறவர்கள் கொழும்பில் இப்போது கூடிவருகிறார்கள். நல்ல விஷயம், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இவர்களில் பலர் அதே கையோடு உப்பையும் முழுதாக விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "மரக்கறியிலேயே தேவையான உப்பு இருக்குத்தானே" என்ற பதில் வரும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் அது இல்லை. அதைக் கணக்கோடு சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

ஒரு முழு நாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். காலையில் வல்லாரை போட்ட இலைக்கஞ்சியும் ஒரு கிண்ணம் அவித்த கடலையும். மத்தியானம் சோறு, பருப்பு, பூசணிக்காய், கங்குன் வறை, பீற்றூட். இரவு குரக்கன் பிட்டு, கொஞ்சம் கரட், தேங்காய்ப்பால் சொதி. இடையில் வாழைப்பழம், பப்பாசி. உப்பே போடாமல் சமைத்தால் சோறு முழுவதிலும் சேர்த்து 10 மில்லிகிராம் சோடியம்கூட வராது. பருப்பில் 5, கடலையில் 10, பூசணியில் ஒன்றிரண்டு. தேங்காயில் 10, 15. பழங்களிலும் அவ்வளவுதான். ஓரளவு தருவது மூன்றே மூன்று பொருட்கள்: பச்சையாக 100 கிராம் கங்குனில் 110 மில்லிகிராமளவு, 100 கிராம் பீற்றூட்டில் 80க்குக் கிட்ட, 100 கிராம் கரட்டில் 70. எல்லாவற்றையும் கூட்டினால் 300ஐத் தொடுவதே பெரிய பாடு. கங்குனும் பீற்றூட்டும் இல்லாத நாளில், கத்தரிக்காய், பயற்றங்காய், பலாக்காய், முருங்கையிலை என்று சாப்பிட்டால் 100 மில்லிகிராமுக்கே தட்டுப்பாடு.

தேவை எவ்வளவு? அமெரிக்காவின் தேசிய அக்கடமிகள் 2019இல் வளர்ந்தவர்களுக்குப் போதுமான அளவென்று சொன்னது நாளுக்கு 1,500 மில்லிகிராம் சோடியம். உலக சுகாதார நிறுவனம் மேல் எல்லையாக 2,000 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கச் சொல்கிறது. அது 5 கிராம் உப்பு. உப்பில் சோடியம் ஏறக்குறைய 40 சதவீதம், மிச்சம் குளோரைட். ஆகவே ஒரு கிராம் உப்பு என்றால் 400 மில்லிகிராம் சோடியம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். சாப்பாட்டிலிருந்து 300 வருகிறது, தேவை 1,500, இடைவெளி 1,200. அதாவது 3 கிராம் உப்பு. ஒரு தேக்கரண்டி தூளுப்பைத் தலைதட்டி அளந்தால் 6 கிராமளவு வரும், ஆக உங்களுக்கு வேண்டியது அதில் பாதி. முழு நாளுக்கும் சேர்த்துத்தான் இந்த அரைக் கரண்டி.

பாண் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது. மாவின் எடையில் 2 சதவீதமளவு உப்புப் போடுவது பேக்கரி வழக்கம். 450 கிராம் பாண் ஒன்றில் 5 முதல் 6 கிராம் வரை இருக்கும், கால்வாசி சாப்பிட்டாலே ஒன்றேகால் கிராமுக்கு மேல் உள்ளே போய்விடும். ஊறுகாயும் பப்படமும் மார்மைட்டும் சேர்ந்தால் எல்லை எப்போதோ தாண்டியிருக்கும். "உப்பைக் குறையுங்கள்" என்று வைத்தியர்கள் சொல்வது அப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு. மறைந்திருந்த உப்பையெல்லாம் ஏற்கெனவே விட்டுவிட்ட ஒருவர் அதே அறிவுரையைக் கேட்டுக் கறியிலிருந்த உப்பையும் எடுத்தால், ஒரே பொருளை இரண்டு தரம் கழித்தமாதிரி ஆகிறது.

உப்பையே காணாத ஆதிகுடிகள் வாழவில்லையா என்று கேட்பார்கள். வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். 1988இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வில் பிரேசிலின் யனோமாமி மக்களின் சிறுநீரில் சோடியம் இல்லையென்றே சொல்லுமளவுக்குத்தான் இருந்தது, வயது ஏற ஏற அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறவும் இல்லை. ஆரோக்கியமான சிறுநீரகம் சில நாட்களுக்குள் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கப் பழகிவிடும், அல்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே உப்பை விட்டவுடன் ஆபத்து என்று யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை. நான் சொல்வது இதுதான்: அப்படி வாழும்போது கையிருப்பு மிகக் குறைவு. ஒரு நாள் வயிற்றோட்டம், ஒரு நாள் வெயிலில் நீண்ட நடை, புதிதாக எழுதித் தந்த ஒரு பிறெஷர் குளுசை, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் தாங்குவதற்கு இடமில்லை.

கொழும்பின் காற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். உப்பில்லாச் சமையலைச் சொல்லித்தரும் காணொளிகள் பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வருகின்றன. இங்கே ஈரப்பதம் கூட, வியர்வை காயாமல் வழிந்து போகிறது. ஒரு லீற்றர் வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும், அரைக் கிராமிலிருந்து ஒன்றரைக் கிராமுக்கு மேலும் போகும். வெப்பத்துக்குப் பழகிய உடம்பு குறைவாகவே இழக்கும் என்பது உண்மை. அப்படியிருந்தும், காலிமுகத்திடலில் ஒரு மணித்தியாலம் வேகமாக ஓடி அரை லீற்றர் வியர்த்தவருக்குச் சில நூறு மில்லிகிராம் போயிருக்கும். உப்பில்லாமல் சாப்பிட்டால் அது முழு நாள் வரவுக்குச் சமம். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாருக்கோ, கட்டட வேலை செய்கிறவர்களுக்கோ 3 கிராம் போதாது. நன்றாக வியர்க்கும் நாளில் ஒன்றிரண்டு கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏசி அறையில் எட்டு மணித்தியாலம் இருப்பவருக்கு அது தேவையில்லை.

வியர்த்துவிட்டுச் செவ்விளநீர் குடித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இளநீரில் நிறைய இருப்பது பொட்டாசியம். சோடியம் அதைவிட மிகக் குறைவு. மரக்கறியும் பழமும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது, குறைவது மற்றது. தேசிக்காய்த் தண்ணீரில் இரண்டு விரலால் எடுத்த உப்பைக் கரைத்துக் குடிப்பது அந்த இடத்தில் கூடப் பொருத்தம். வயிற்றோட்டம் என்றால் இரண்டும் வேண்டாம், பார்மசியில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) வாங்கிப் பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். கண்ணளவில் கரைக்க வேண்டாம்.

சரி, 3 கிராமை எப்படி அளப்பது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிடுகிறார்கள். வீட்டுச் சமையல் தராசு 1 கிராம் படியில் காட்டும், அதில் 3 கிராமை நிறுத்தால் ஒரு கிராம் அங்கே இங்கே போகும். ஒரு கிழமைக்குச் சேர்த்து நிறுங்கள். ஆளுக்கு நாளுக்கு 3 கிராம், நாலு பேர், ஏழு நாள்: 84 கிராம். அதை ஒரு சிறிய போத்தலில் போட்டு மூடி வையுங்கள். அந்தக் கிழமை சமையல், சம்பல், கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்தப் போத்தலிலிருந்துதான் எடுக்க வேண்டும். வியாழக்கிழமையே முடிந்துவிட்டால் கை தாராளம். ஞாயிறு இரவும் பாதி கிடந்தால் நீங்கள் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சாப்பிடும் அளவைப் பார்த்து அவர்களின் பங்கைக் குறையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் சாப்பாட்டில் உப்பே சேர்க்க வேண்டாம், அதை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கறிக்கு உப்பிடுங்கள். வெளியில் கொத்து ரொட்டியோ றோல்ஸோ சாப்பிட்ட நாளில் போத்தலைத் தொடாமலிருந்தாலே சரி.

கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து வைத்துப் பாவிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அதிலும் அளக்கலாம். அடியில் கல் கரையாமல் கிடக்கும்வரை மேலே நிற்பது நிறைந்த கரைசல், அதில் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், ஏறக்குறைய 1.6 கிராம் உப்பு இருக்கும். ஆளுக்கு நாளுக்கு இரண்டு கரண்டி. கல் முழுதும் கரைந்த பிறகு மேலே தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். சோற்றுக்கு உலையில் உப்புப் போட்டுக் கஞ்சியை வடித்து ஊற்றினால் ஒரு பங்கு உப்பு அந்தக் கஞ்சியோடு போய்விடும். சோற்றில் போடவே தேவையில்லை. பருப்பு, சொதி, வறை மூன்றுக்கும் அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் உப்பிட்டுக் கிளறுங்கள். உணவின் மேற்பரப்பில் நிற்கும் உப்பு நாக்கில் முதலில் படும், அதனால் குறைவாகப் போட்டாலும் காணும். மூன்று கறி வைத்தால் ஒன்றுக்கு முழு ருசி வரும்படி உப்பிட்டு மற்ற இரண்டையும் தேசிப்புளி, மிளகு, வறுத்த சீரகம், கொறுக்காய்ப்புளி கொண்டு தூக்குவது என் விருப்பம். எல்லாக் கறிக்கும் அரைகுறையாக உப்பிட்டால் எதுவும் சரியாக இராது, கடைசியில் மேசையில் இருக்கும் உப்புப் போத்தல்தான் வெல்லும். தேங்காய்ச் சம்பலைக் கவனியுங்கள். அரைத் தேங்காய்க்கு ஒரு தேக்கரண்டி உப்பென்று இடித்து நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரைக் கிராம், பாதி நாள் பங்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. சம்பல் உள்ள நாளில் மற்றக் கறிகளைக் குறைத்துவிடலாம். நாக்குப் பழகச் சில கிழமைகள் எடுக்கும், முதல் பத்து நாள் சப்பென்றிருப்பது இயல்பு.

இனி அயடின். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உப்பை விடுவதில் மிகப் பெரிய இழப்பு சோடியம் என்று நான் நினைக்கவில்லை. அயடின்தான். சோடியத்தைச் சிறுநீரகம் பிடித்து வைக்கும், அயடினை அப்படிப் பிடித்து வைக்காது. மீன், முட்டை, பால் மூன்றும் இல்லாத சாப்பாட்டில் நம்பகமான வரவு அயடின் சேர்த்த உப்பு ஒன்றுதான். கொழும்பும் அதைச் சுற்றியுள்ள தென்மேற்கு ஈரவலயமும் அயடின் குறைவால் கழுத்து வீங்கும் கழலை நோய் பரவலாக இருந்த பகுதி. அதனால்தான் 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். மரவள்ளிக்கிழங்கை அடிக்கடி சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதிலிருந்து உடம்பில் உருவாகும் தயோசயனேற் அயடினைத் தைரொய்ட் எடுத்துக்கொள்வதைத் தடுக்கும்.

சுப்பர்மார்க்கெட்டில் விலை கூட்டி விற்கும் இளஞ்சிவப்பு இமயமலை உப்பு, நாட்டு மருந்துக்கடை இந்துப்பு இரண்டிலும் சோடியம் சாதாரண உப்பைப்போலவே இருக்கிறது, அயடின் மட்டும் போதியளவு இல்லை. அதிலிருக்கும் கனிமங்களைப் பெரிதாகப் பேசுகிறார்கள். ஒரு நாளைக்குச் சாப்பிடும் 3 கிராமில் அவை ஒரு கைப்பிடி கீரைக்குக்கூட ஈடாகாது. ஆனையிறவோ புத்தளமோ அம்பாந்தோட்டையோ, பொதியில் அயடின் சேர்த்தது என்று போட்டிருந்தால் போதும். கல்லுப்பில் மண் இருக்கிறதென்று கழுவிப் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அயடினைக் கல்லின் மேல்தான் தெளிக்கிறார்கள், கழுவினால் அதுதான் முதலில் போகும். கரைத்து, மண் அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை எடுங்கள். போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். சூடும் ஈரமும் அயடினைக் கொண்டுபோய்விடும். இறக்கும் நேரத்தில் உப்பிடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் உப்பில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் அயடின் சேர்க்கிறார்கள். 3 கிராமில் அது 45 முதல் 90 மைக்ரோகிராம். வளர்ந்தவர் தேவை 150, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் 250. மிச்சத்தைக் கீரையும் பருப்பும் நிரப்பும் என்று நம்பி இருக்க முடியாது. அதற்காக உப்பைக் கூட்டவும் வேண்டாம். 150 மைக்ரோகிராம் அயடின் உள்ள விற்றமின் குளுசை ஒன்றைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், விற்றமின் பி12 எழுதி வாங்கும்போதே இதையும் கேட்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தைரொய்ட் நோய் இருப்பவர்கள் தாங்களாக எதையும் தொடங்க வேண்டாம்.

இந்த 3 கிராம் எல்லோருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், ஈரல் நோயால் வயிற்றில் நீர் கட்டுவது, கட்டுக்குள் வராத பிறெஷர் உள்ளவர்களுக்கு அவர்களுடைய வைத்தியர் சொன்ன அளவுதான் அளவு. பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பைச் சிறுநீரகம் பலவீனமானவர்களும், எனலாப்ரில், லொசார்ட்டன், ஸ்பைரோனோலக்டோன் போன்ற பிறெஷர், இதய மருந்துகள் எடுப்பவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பைக் குழப்பும். மரக்கறியும் பழமும் சாப்பிடுகிறவர்களின் சாப்பாட்டிலேயே பொட்டாசியம் நிறைய இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மறுபக்கத்தில், ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற, சிறுநீரைக் கூட்டும் குளுசை எடுக்கும் வயதானவர்கள் உப்பை முழுதாக நிறுத்தி, நாளுக்கு நாலைந்து லீற்றர் தண்ணீரும் குடிப்பது மிக மோசமான சேர்க்கை. இரத்தத்தில் சோடியம் லீற்றருக்கு 135க்கும் 145 மில்லிமோலுக்கும் இடையில் இருக்க வேண்டும். அது இறங்கும்போது தலையிடி, குமட்டல், தள்ளாட்டம் என்று தொடங்கும், கூடினால் பேச்சுத் தடுமாறும், ஆள் குழம்புவார், வலிப்புக்கூட வரும். வீட்டிலுள்ளவர்கள் வயது போய்விட்டது, மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். திடீரென்று அப்படிக் குழம்பினால் வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சோடியத்தை அளவுக்கு மீறிய வேகத்தில் ஏற்றினால் மூளைக்கே சேதம் வரும், அதை அவர்கள்தான் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். எழும்பும்போது தலைசுற்றுவது, கெண்டைக்கால் பிடிப்பது, சோர்வு ஆகியவை மட்டும் என்றால் அவசரமில்லை. இரும்புச்சத்தோ பி12ஓ குறைந்தாலும் களைப்பும் தலைசுற்றும் வரும். சீரம் எலெக்ட்ரோலைற் (இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவு), முழு இரத்தப் பரிசோதனை, பி12, இந்த மூன்றையும் ஒரே தடவை இரத்தம் எடுத்துச் செய்விக்கலாம். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கிழமைப் போத்தலில் எவ்வளவு உப்புச் செலவானது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.