இராமானுஜன் கணிதத்தில் தோற்கவில்லை
"கணிதத்தில் தோற்ற இராமானுஜன் யார் துணையுமின்றி உயர்ந்தார், வறுமைதான் அவரை மேதையாக்கியது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால்தான் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்னும் கல்லூரி இடைநிலைத் தேர்வில் தேறவில்லை.

துணையில்லை என்பது அதைவிடப் பெரிய பிழை. குறிப்பேடுகளோடு வேலை தேடி அலைந்தவரின் திறமையை இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசாமி ஐயர் அடையாளம் கண்டார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் தந்து தாங்கினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானபோது, அங்கிருந்த நாராயண ஐயர் அவரோடு அமர்ந்து கணக்குப் போட்டார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜனின் கடிதம் சென்றது இவர்களெல்லாம் கைகொடுத்த பிறகே. வறுமையோ இடையூறாகத்தான் இருந்தது: காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தார், குறிப்பேட்டில் பெரும்பாலும் முடிவுகள் மட்டுமே ஏறின.