வார்ப்பு நகையின் எடையும் கலைஞரின் முத்திரையும்
அணிவதற்கு வசதியாக்க முனைந்தால் வார்ப்பு நகையில் (மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு அமைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகத்தை ஊற்றிச் செய்யும் நகையில்) அதைச் செய்த கலைஞரின் தனி முத்திரை மங்கிவிடும் என்று இங்கு வந்த கட்டுரையின் ஆசிரியர் எழுதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ஸ்டெர்லிங் வெள்ளி (92.5% வெள்ளி கொண்ட உலோகக் கலவை) அதே பருமனுள்ள மெழுகைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு கனக்கும் என்பதால், 1.5 கிராம் மெழுகில் செய்த தோடு வார்த்தபின் 15 கிராமாகிக் காதுத் துளையை இழுக்கத் தொடங்கும் என்பது உண்மையே. ஆனால் மெழுகு நிலையிலேயே பின்புறத்தைக் குடைந்துவிட்டால் எடை பெருமளவு குறையும், முன்புறத்தில் பதிந்த விரல் ரேகைகூட அப்படியே வார்ப்பில் வரும். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் டோக்ரா என்னும் மரபு மெழுகு வார்ப்புக் கலையைச் செய்யும் கைவினைஞர்கள் களிமண் கருவின் மேல் மெழுகு இழைகளைச் சுற்றிப் பித்தளை வார்ப்பதால் உருவம் உள்ளீடற்றதாக அமைகிறது; அந்த இழைக்கோடுகளே அவர்களுடைய அடையாளமும் ஆகின்றன. கூர்முனைகளையெல்லாம் மழுக்க வேண்டும் என்று முன்னர் கருத்திட்ட நண்பர் சொல்கிறார்; அது தேவையில்லை, மோதிரத்தின் உட்புறத்தையும் பக்கத்து விரல்களில் உரசும் விளிம்பையும் வழவழப்பாக்கினால் போதும், மேற்புறம் கரடுமுரடாகவே இருக்கலாம் (நான் அணிவது அத்தகையதுதான், கம்பளி ஆடையில் மாட்டிக்கொள்வதைத் தவிர வேறு தொல்லை இல்லை).