ரேடியோக்காரர்களே, உலகத்தில் வேறு பாட்டே இல்லையா?

ஒரு நல்ல பாட்டை நாசமாக்க வேண்டுமா? யாரும் மெனக்கெட வேண்டாம். ஒரு தனியார் எஃப்எம் ஸ்டேஷன் கையில் கொடுத்தால் போதும், பத்தே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேட்கிறோம், சரி. மதியத்துக்குள் இன்னும் இரண்டு தடவை வருகிறது, போகட்டும். சாயங்காலம் திரும்பும்போது, "இதோ உங்களுக்காகவே ஒரு செம ஸ்பெஷல் பாட்டு" என்று ஏதோ புதிதாகத் தோண்டி எடுத்தது போலக் கூவிவிட்டு அதையே போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைச் சுற்றி இருக்கும் எல்லாமே அச்சு அசலாகத் திரும்பி வருகிறது. முகப்பு இசை ஆரம்பித்ததும் ஆர்ஜே அதன் மேலேயே பேச ஆரம்பிப்பார். பாடகர் வாய் திறப்பதற்கு அரை வினாடி முன்னால் நிறுத்துவார். அதை ஒரு வித்தை என்று நினைத்துப் பெருமைப்படுகிறார்கள். ஐயா, அந்த வயலின் துண்டுக்காக ஒரு இசையமைப்பாளர் ராத்திரி கண் விழித்திருப்பார். அப்புறம் பல்லவி, முதல் சரணம், இரண்டாவது இடையிசை தொடங்கும்போதே மெல்ல ஒலியைக் குறைத்து விளம்பரத்துக்குள் தள்ளிவிடுவார்கள். இரண்டாவது சரணத்தின் வரிகள் என்னவென்றே தெரியாமல் ஒரு பாட்டை மாதக்கணக்கில் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் கத்தரி விழும் என்பது மட்டும் எனக்கு மனப்பாடம்.

நேயர் விருப்பம் என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னும் பெரிய கூத்து. நேயர் விரும்பிக் கேட்பது எப்போதும் அவர்கள் ஏற்கெனவே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கும் பாட்டாகவே அமைந்துவிடும். என்ன ஒற்றுமை! நானும் ஒருநாள் பொறுக்க முடியாமல் போன் செய்து ஒரு பழைய பாட்டைக் கேட்டேன். பேசிய பையன் நல்ல பையன். "சார், பாட்டை நாங்க செலக்ட் பண்றதில்லை சார். ஸ்கிரீன்ல வரிசையா வந்துடும். வேற ஏதாவது ஹிட் சொல்லுங்க, லிஸ்ட்ல இருந்தா உங்க பேர் சொல்லிப் போட்டுடறேன்" என்றான். அதாவது, அவர்கள் போடப்போகும் பாட்டை நான் கேட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஆர்ஜே தன் ரசனைக்குப் பாட்டு எடுத்துப் போடுவதெல்லாம் பெரும்பாலான வணிக ரேடியோவில் எப்போதோ மலையேறிவிட்டது. 1979-ல் தொடங்கிய ஆர்சிஎஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'செலக்டர்' போன்ற மென்பொருள்கள் வந்த பிறகு, எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்பதைக் கணினி வரிசைப்படுத்துகிறது. பாட்டுகளை வகை வகையாகப் பிரித்து வைப்பார்கள். உச்சத்தில் இருக்கும் சில பாட்டுகள் 'பவர்' வகை. அவை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. சொந்தக்காரர்கள்கூட ஒரு நாளில் இத்தனை தடவை வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுவோம்.

ஏன் இப்படி என்று கேட்டால், "ஜனங்களுக்கு அதுதானே பிடிக்குது" என்பார்கள். இந்தப் பதிலுக்கு ஒரு புராணமும் உண்டு. அமெரிக்காவில் ஒமாஹா நகரத்தில் டாட் ஸ்டோர்ஸ் என்பவர் ரேடியோ நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் கேட்ட பாட்டைப் பாடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்தில் வாடிக்கையாளர்கள் நாள் முழுக்க ஒரு சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டார்களாம். எல்லோரும் போன பிறகு, அங்கே வேலை பார்த்த பெண்ணும் தன் காசைப் போட்டு அதே பாட்டைக் கேட்டாளாம். ஸ்டோர்ஸுக்கு அங்கேதான் ஞானம் பிறந்தது என்றும், முன்னணிப் பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடும், 1950-களில் பரவிய 'டாப் 40' பாணி அப்படித்தான் உருவானது என்றும் சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இடத்துக்கு இடம் விவரங்கள் மாறும். ஆனால் ரேடியோத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கிட்டத்தட்ட வேதம்.

கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் போட்டது யாருடைய காசு? அவளுடையது. பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார்? அவள். அன்றைக்கு அவளுக்கு அது வேண்டியிருந்தது, போட்டாள். மறுநாள் சலித்திருந்தால் வேறு பொத்தானை அழுத்தியிருப்பாள். எங்களுக்கு அந்தப் பொத்தான் எங்கே? ஆசைப்பட்டு ஒருத்தி நாலு தடவை கேட்டாள் என்பதற்காக, ஆசைப்படாத லட்சம் பேர் காதில் நாற்பது தடவை ஊற்றலாம் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள், அந்தப் பாடத்தை ஜூக்பாக்ஸ் சொல்லிக்கொடுக்கவில்லை.

இவர்கள் உண்மையில் பயந்துபோய்தான் இப்படிச் செய்கிறார்கள். காரில் போகிற ஒருவர் சேனலைத் திருப்புகிறார். அங்கே தெரியாத பாட்டு ஓடினால் அடுத்த சேனலுக்குப் போய்விடுவார், தெரிந்த பாட்டு என்றால் நிற்பார். அவரைச் சில நிமிடம் பிடித்து வைத்தால் போதும். அமெரிக்க ரேட்டிங் கணக்கில், ஒரு கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணிக்கு அவர் நேயராகப் பதிவாகிவிடுவார் என்பதுதான் வெகுகாலம் விதி; கருவி வைத்து அளக்கும் நகரங்களில் 2025 முதல் மூன்று நிமிடமே போதும் என்றாகிவிட்டது. விளம்பரத்துக்குக் கட்டணம் பேசுவது இந்த எண்களை வைத்துத்தான். ஆகவே முழு ஏற்பாடும் வந்து போகிறவருக்காகச் செய்யப்பட்டிருக்கிறது. காலை முதல் மாலை வரை அதே ஸ்டேஷனோடு கிடக்கும் என்னைப் போன்ற விசுவாசிக்கு என்ன கிடைக்கும்? அதே பாட்டு. யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே அதிக தண்டனை. எந்தத் தொழிலிலாவது இந்த அநியாயம் உண்டா?

கோபத்தில் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினால் அங்கேயும் விளம்பரம். இதுவும் தற்செயல் இல்லை. இந்தக் கால் மணிக் கணக்கை வைத்துத்தான் விளம்பர இடைவேளைகளுக்கும் நேரம் குறிக்கிறார்கள். எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தானே விளம்பரம் வரும்! தப்பிக்க வழியில்லை. பிறகு விளம்பரம் முடிந்து பாட்டு வருகிறது. எது? அதுதான்.

"நாங்கள் ஆய்வு செய்துதான் போடுகிறோம்" என்றும் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். ஆய்வு எப்படி என்று பார்த்தால் சிரிப்பு வரும். நேயர்களைப் போனில் கூப்பிட்டோ, ஒரு அரங்கில் உட்காரவைத்தோ, பாட்டின் மிகப் பிரபலமான இடத்தை மட்டும் ஐந்து முதல் பத்து வினாடி போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்பார்கள். பத்து வினாடியில் யார் ஜெயிப்பார்? ஏற்கெனவே காதில் ஏறிய பாட்டுதான். மெல்ல மெல்ல விரியும் ஒரு பாட்டு, இரண்டாவது தடவை கேட்டால்தான் பிடிக்கும் ஒரு பாட்டு, இந்தப் பரீட்சையில் வாசலைக்கூடத் தாண்டாது. போட்ட பாட்டைக் காட்டிப் பிடிக்குமா என்று கேட்பது, பிடிக்கும் என்ற பதிலை வைத்து அதையே மறுபடி போடுவது! இதில் எனக்கு உச்சபட்ச எரிச்சல் எது தெரியுமா? அந்த ஆய்வில் "கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா?" என்றும் ஒரு கேள்வி உண்டு. தொழிலில் அதற்கு 'பர்ன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதாவது, எங்களுக்கு அலுக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு அலுக்கிறது என்பதற்கு எண்ணே வைத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் செய்கிறார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டால் பிடித்துப்போகும் என்பதில் உண்மை இல்லாமல் இல்லை. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே, ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் பட்டாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று காட்டினார். ஆனால் அந்த ஏற்றத்துக்கு ஒரு உச்சி உண்டு, அதைத் தாண்டினால் விருப்பம் இறங்கும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. நம்ம ஆட்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

காசு வாங்கிக்கொண்டு பாட்டைப் போடுகிறார்கள் என்ற சந்தேகமும் இருக்கத்தான் செய்கிறது, அதற்கு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 'பயோலா' ஊழல் வெடித்து, 1960-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் 2005-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் நடத்திய விசாரணையில் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் 1 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. எல்லா இடத்திலும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. காசே வாங்காமல் இப்படிப் போட்டால் அது இன்னும் கேவலம் இல்லையா?

"ரேடியோ எதற்கு, போனில் உனக்குப் பிடித்ததைக் கேளேன்" என்று யாராவது உடனே கிளம்பி வருவார்கள். கேட்கிறேன், கேட்காமல் என்ன. ஆனால் பக்கத்து மேஜைக்காரர் நாள் முழுக்க வைக்கும் ரேடியோவை நான் எப்படி நிறுத்துவது? பேருந்தில் ஓட்டுநர் தலைக்கு மேல் அலறுவதை? அதுவும் போக, ரேடியோவிடம் நான் எதிர்பார்ப்பதே வேறு. எனக்குத் தெரியாத ஒன்றை, என்னைவிட நிறையக் கேட்ட ஒரு மனுஷன் எடுத்துப் போட வேண்டும். "அட, இது என்ன பாட்டு?" என்று ஒலியைக் கூட்ட வேண்டும். அதற்குத்தானே ரேடியோ! எனக்குத் தெரிந்த பாட்டையே போடுவதற்கு நீங்கள் எதற்கு?

சரி, பகலில் ரேட்டிங் பயம், விளம்பரதாரர் பயம், ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு என்ன பயம்? அப்போது ஸ்டேஷனில் பெரும்பாலும் ஆளே கிடையாது. ஆர்ஜே குரலை முன்னாடியே பதிவு செய்து வைத்துவிட்டு வீட்டில் தூங்குகிறார், கணினி தன்பாட்டுக்கு ஓட்டுகிறது. விளம்பரம்கூட அவ்வளவாக வருவதில்லை. அந்த நேரத்திலும் அதே லிஸ்ட்தானா? எண்பது தொண்ணூறு வருஷமாகப் பதிவான பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அந்த நாலு மணி நேரத்துக்காவது அவற்றிலிருந்து எடுத்துப் போடுங்கள். இரண்டாவது சரணத்தை வெட்டாமல் போடுங்கள். முகப்பு இசையின் மேல் யாரும் பேச வேண்டாம்.